நாலு மணிக்கு மூடும் மலை

"நம் தேசியப் பூங்காவில் இரவில் நடமாடும் மூன்று விலங்குகளைக் குறிப்பிடுக" என்று பரீட்சையில் கேட்டிருந்தேன். ஒருத்தி எழுதியிருந்தாள்: "தெரியாது. மலை நாலு மணிக்கு மூடிவிடும்." சிரித்துவிட்டு அடுத்த தாளை எடுத்தேன். அதிலும் அதே பதில். காப்பியடித்திருப்பார்கள் என்று பார்த்தால், ஒருத்தி ஜன்னலோரம் உட்காருகிறவள், மற்றவள் கதவோரம். ஆறாவது தாளுக்குப் பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மலைக்கு ஏது கதவு, ஏது பூட்டு? ஆனால் பிள்ளைகளைச் சொல்லிக் குற்றமில்லை. வெள்ளிக்கிழமை ஆனால் எங்கள் பிளிதா ஊரே ஷ்ரியா மலைக்கு ஏறும். தேவதாரு மரத்தடியில் இறைச்சி சுடுவோம், போடக்கூடாது என்று எழுதியிருக்கும் பலகைக்குக் கீழேயே குரங்குக்கு ரொட்டி போடுவோம். சாயங்கால அஸர் தொழுகை நேரம் நெருங்கியதும் பாயை உதறிச் சுருட்டிவிடுவோம். போகலாமா என்று யாரும் யாரையும் கேட்பதில்லை. கார்கள் வரிசையாக இறங்கும். பதினொரு வருடமாக நானும் ஒவ்வொரு வகுப்பையும் மேலே கூட்டிப்போய் நாலு மணிக்கு இறக்கிக்கொண்டு வந்தவள்தான். அறிவியல் டீச்சர் என்று பெயர் வேறு.

அந்தக் கோபத்தில்தான் இந்த வம்பை விலைக்கு வாங்கினேன். இந்த வருடம் ஒரு ராத்திரி மேலேயே தங்குவது என்று தலைமை ஆசிரியரிடம் போய்ச் சொன்னேன்.

"ராத்திரியா?" என்றார் ஸீ பூஅலம். எங்கள் பக்கத்தில் 'ஸீ' என்றால் ஐயா. "இருபது கிலோமீட்டர் தூரத்துல இருக்கிற மலைக்கு ராத்தங்கலா? வீட்டுக்கு வந்து தூங்கிட்டு விடிஞ்சதும் திரும்பப் போனா என்னவாம்?"

"ஆந்தை உங்க வீட்டுக்கு வராதே, ஸீ பூஅலம்."

"வேண்டாம் தாயே. எனக்கு ஓய்வு வர இன்னும் பதினாலே மாசம். அதை ஜெயில்ல கழிக்க எனக்கு ஆசையில்ல."

கடைசியில் ஒரு நிபந்தனையோடு ஒத்துக்கொண்டார். முப்பத்திரண்டு பிள்ளைகள், முப்பத்திரண்டு சம்மதப் படிவங்கள். அப்பாவோ அம்மாவோ நகராட்சிக் கவுன்டருக்கு நேரில் போய், எழுத்தர் கண் முன்னால் கையெழுத்துப் போட்டு, முத்திரை வாங்கி வர வேண்டும். கிளம்புவதற்கு முந்தைய வியாழக்கிழமை மதியத்துக்குள் பட்டியலில் உள்ள எல்லோருடையதும் வர வேண்டும். ஒன்று குறைந்தாலும் பகல் பயணம் மட்டும்தான்.

அதற்குப் பிறகு நான் டீச்சராக இல்லை, தபால்காரியாக இருந்தேன். கல்வி அலுவலகம், வனத்துறை, காவல் நிலையம், பஸ்ஸுக்குத் தகுதிச் சான்று, காப்பீடு. தேதி இடது பக்கம் இருக்கிறது, வலது பக்கம் இருக்க வேண்டும் என்று ஒரு கடிதம் திரும்பி வந்தது. சரிசெய்து கொடுத்தால், அதை வாங்க வேண்டியவர் விடுப்பில் போயிருந்தார். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றினால் கால் பன்னாக உப்பியிருக்கும். கணவர் தெற்கே எண்ணெய் வயலில் இருக்கிறார், நாலு வாரம் அங்கே, நாலு வாரம் இங்கே. புலம்புவதற்குக்கூட ஆள் இல்லை.

முதல் வாரம் பதினொரு படிவங்கள் வந்தன. ஒன்பதில் இரவு என்ற வரியை அடித்திருந்தார்கள். "பகல் சரி" என்று ஒருவர். "மஃரிபுக்கு முன், பொழுது சாயுமுன் இறக்கிவிடவும்" என்று இன்னொருவர், என்னவோ நான் டாக்ஸி ஓட்டுகிற மாதிரி. ஒரு தாய் போன் செய்தாள்.

"எம்புள்ளைக்கு இடம் மாறினா தூக்கமே வராது, டீச்சர்."

"என் வகுப்புல நல்லா வருதே!"

காரணம் எனக்குத் தெரியாதா என்ன? இன்று நாற்பது வயதில் இருக்கிற நாங்கள் எல்லோரும் அன்று பத்துப் பன்னிரண்டு வயதில் இருந்தவர்கள். உள்நாட்டுச் சண்டை நடந்த அந்த வருடங்களில் மலை துப்பாக்கி வைத்திருந்தவர்களுடையது. நிலைமை முற்றுவதற்கு முன், ஒரு வெள்ளிக்கிழமை, என் அண்ணன் நதீர் இரண்டு நண்பர்களோடு மேலே போனான். அஸருக்கு முன்னாடி வந்துடு என்று அம்மா வாசலில் நின்று சொன்னாள். மூன்று பேருமே வரவில்லை. எங்கள் வீட்டில் இதைப் பேசமாட்டோம். தெருவுக்குத் தெரு இப்படி ஒரு வீடு உண்டு, அங்கேயும் பேசமாட்டார்கள். சாலை பல வருடம் மூடிக் கிடந்து, பிறகு திறந்தது. எல்லோரும் ஏறினார்கள். நாலு மணிக்கு இறங்கினார்கள்.

எல்லோரிலும் பிடிவாதக்காரர் ரொட்டிக்கடை ஸீ மஸூத். அவர் மகள் நிஹாலும் என் மகள் மைஸாவும் ஒரே பெஞ்சு. இரண்டு முறை கடைக்குப் போனேன். மாவு வந்திருக்கிறது, அடுப்பு காய்கிறது என்று நழுவிவிட்டார். மூன்றாம் முறை நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். காப்பியும், பேரீச்சம்பழம் வைத்த ரவைப் பலகாரமும் கொண்டுவந்து வைத்தார். தின்றுகொண்டே சொன்னேன்.

"உங்க பயத்தை அவ தலையில கட்டாதீங்க, ஸீ மஸூத். அவ பொறக்கிறதுக்கு முன்னாடியே எல்லாம் முடிஞ்சு போச்சு. அவளுக்கு அது வெறும் மலை."

"உங்களுக்கென்ன, சுலபமாச் சொல்லிட்டீங்க."

"என் பொண்ணும்தான் வர்றா."

இரண்டு நாளில் முத்திரையோடு படிவம் வந்தது. எனக்குப் பெருமை பிடிபடவில்லை. அதே வசனத்தை மனப்பாடச் செய்யுள் மாதிரி மற்ற வீடுகளிலும் ஒப்பித்தேன். படிவங்களும் ஒவ்வொன்றாக வந்தன.

வியாழக்கிழமை காலை ஸீ பூஅலம் கட்டைவிரலை நாக்கில் தொட்டுத் தொட்டு எண்ணினார்.

"முப்பத்தொண்ணு. ஒண்ணு குறையுதே." பென்சிலைப் பட்டியலில் மேலிருந்து கீழே ஓட்டினார். பென்சில் நின்றது. மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "மைஸா. உங்க பொண்ணும்மா."

"வேலை மும்முரத்துல மறந்துபோச்சு."

குத்திக் காட்டுவார் என்று நினைத்தேன். சுவர்க் கடிகாரத்தை மட்டும் காட்டினார். "பத்தாகப் போகுது. பன்னெண்டுக்குக் கவுன்டரை மூடிடுவான்."

வெளியே வந்தால் தாழ்வாரத்தில் மைஸா நிற்கிறாள்.

"யம்மா, போட்டாச்சா?"

"இன்னிக்குப் போட்டுடறேன்."

"மூணு வாரமா இதேதான் சொல்றே. காப்பிக் கோப்பைக்குக் கீழ வெச்சேன். பேனாவோட ஃப்ரிட்ஜ்ல ஒட்டினேன். நீ மறக்கலை யம்மா. நிஹால் அப்பாகிட்ட நீ என்ன பேசினேன்னு நிஹால் சொன்னா. அதையே நான் உங்கிட்ட சொல்லணுமா?"

ஓங்கி ஒன்று வைக்கலாம் போல இருந்தது. கை தூக்கத் தெம்பில்லை.

"வாயை மூடிக்கிட்டு வகுப்புக்குப் போ."

அவள் சொன்னது உண்மைதான். ஒவ்வொரு இரவும் பேனாவை எடுப்பேன். உடனே பாத்திரம் கழுவ வேண்டியது ஞாபகம் வரும். மற்ற முப்பத்தொரு பேரையும் மலை விடுதியில் எந்தக் கட்டிலில் யார் என்று காகிதத்தில் படுக்க வைத்துவிட்டேன். என் மகளை மட்டும் அந்த மலையில் மனதால்கூடப் படுக்க வைக்க முடியவில்லை. நான் பக்கத்தில் இருப்பேன் என்பதெல்லாம் தெரிந்துதான். நகராட்சிக்கு நடக்கும்போதே வழி ஒன்றும் தோன்றியது: மைஸாவுக்குக் காய்ச்சல், பெயரை அடித்துவிடுங்கள் என்று ஸீ பூஅலத்துக்கு ஒரு போன் போதும். பட்டியலே முப்பத்தொன்று ஆகிவிடும், பயணமும் நடக்கும். போனைக் கையில் எடுத்துவிட்டேன். என்னிடம் அப்படிப் பேசிவிட்டுப் போனவளின் முகத்தை வீட்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டுமே என்று பையில் போட்டேன்.

வரிசையில் ஒன்றரை மணி நேரம் நின்றேன். எழுத்தர் ஒல்லியான மனிதர், பக்கத்தில் தேநீர்க் கோப்பை.

"இங்க போடுங்க. நான் பார்க்கப் போடுங்க."

"என் மகன்/மகள் மலையில் ஓர் இரவு தங்கச் சம்மதிக்கிறேன்" என்று இருந்தது. நான் தட்டச்சு செய்த வரிதான், அரை நிமிட வேலை. கையெழுத்துப் போட்டேன். அவர் அடையாள அட்டையோடு ஒப்பிட்டார்.

"ஒத்துப்போகலையே."

"என் கையெழுத்துதாங்க. நீங்க பார்க்கத்தானே போட்டேன்?"

"எனக்குத் தெரியுது. அட்டைக்கும் தெரியணுமே."

என் பையில் காலிப் படிவம் கத்தையாக இருந்தது. இன்னொன்றில் போட்டேன். அது இன்னும் மோசம், கோடு கோடாகப் போயிற்று. பின்னாலிருந்து ஒருவர், "என்னம்மா, படமா வரையறீங்க?" என்றார். எழுத்தர் படிவத்தைத் திருப்பிப் பள்ளியின் பெயரைப் பார்த்தார். பிறகு தன் தேநீரை என் பக்கம் நகர்த்தினார்.

"குடிங்க. அவசரமில்ல."

"பின்னாடி ஆளுங்க நிக்கிறாங்க."

"நிக்கட்டும். இந்த ஸ்கூல் காகிதத்துக்கு எல்லாருக்கும் இப்படித்தான் வருது. ரெண்டு தடவை, மூணு தடவை போடறாங்க. ரொட்டிக்கடைக்காரர் நாலு தடவை போட்டார். அப்புறம் அந்த பெஞ்சுல உக்காந்து அழுதார்."

ஆறிப்போன, கசக்கும் அளவுக்கு இனிப்பான தேநீர். குடித்தேன். அந்த ரொட்டிக்கடைக்காரருடைய காப்பியைக் குடித்து, பலகாரத்தைத் தின்று, அவருக்கே பயத்தைப் பற்றிப் பாடம் நடத்திவிட்டு வந்திருக்கிறேன். என் பேச்சில்தான் எல்லோரும் மசிந்தார்கள் என்று வேறு நினைத்திருந்தேன். வெட்கத்தில் காது சுட்டது. மூன்றாவது படிவத்திலும் கையெழுத்து கோணிக்கொண்டுதான் போயிற்று. எழுத்தர் இம்முறை அட்டையைப் பார்க்காமலேயே முத்திரையைக் குத்தினார்.

பள்ளிக்குப் போகும் வழியில் ரொட்டிக்கடை. தாண்டிப் போய்விடத்தான் பார்த்தேன், முடியவில்லை. உள்ளே போய், படிவம் கையில் இருக்க, என்ன சொல்வதென்று தெரியாமல் நின்றேன். ஸீ மஸூத் மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு படிவத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எத்தனாவது தடவையில?" என்றார்.

"மூணாவது."

"தேவலையே. என்னைவிட ஒண்ணு கம்மி."

சூடான ரொட்டி ஒன்றைக் காகிதத்தில் சுற்றி நீட்டினார். என்னால் மன்னிப்புக் கேட்க முடியவில்லை. ரொட்டியை வாங்கிக்கொண்டேன். பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருந்தது. பள்ளியை நோக்கி நடந்தேன், கால் வலித்தது, பயமும் அப்படியேதான் இருந்தது.