ஈனிட் பெயர் ஒட்டிய டப்பா

லீயான் டீயில் கெட்டியாக்கும் மாவைத் தூவி முள்கரண்டியால் விடாமல் அடித்தாள். கட்டி பிடித்துவிடக் கூடாது. சற்று நேரத்தில் டீ கூழாகிக் கரண்டியிலிருந்து சோம்பலாக வழிந்தது. அந்த முதியோர் இல்லத்தில், விழுங்கத் திணறுகிறவர்களுக்கு டீ, சூப், தண்ணீர் எல்லாமே இப்படித்தான். நீர்க்கக் கொடுத்தால் நுரையீரலுக்குள் இறங்கிவிடும்.

"இது குடிக்கவா, போஸ்டர் ஒட்டவா?" என்றார் வால்டர். கிரிம்ஸ்பி துறைமுகத்தில் மீன் பெட்டி இறக்கியவர்.

"குடிங்க. இல்லன்னா உங்க வாயத்தான் முதல்ல ஒட்டுவேன்."

அவர் சிரித்தார், குடித்தார். இருமவில்லை. லீயான் அவருடைய தொண்டையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

வீட்டில் அவள் மகள் ஐவி ஒவ்வொரு வேளையும் இருமினாள். பிரசவ நாளுக்குப் பன்னிரண்டு வாரம் முந்திப் பிறந்த குறைமாதக் குழந்தை. ஆஸ்பத்திரியின் கண்ணாடிப் பெட்டியில் வளர்ந்து இப்போதுதான் வீட்டுக்கு வந்திருந்தாள். குடித்த பால் மூக்கு வழியே திரும்பி வரும். உதடு நீலம் பாய்ந்துவிடும். கணவன் கிரேக் வேலை பார்த்த மீன் தொழிற்சாலையை மூடிவிட்டார்கள், அதனால் லீயான் பிரசவ விடுப்பைப் பாதியில் விட்டு வேலைக்கு வந்துவிட்டாள். குழந்தையைக் கிரேக் பார்த்துக்கொண்டான். விழுங்குவதைச் சோதிக்கிற நிபுணருக்காக ஃபோன் போட்டால் ஒரே பதில்தான்: "பேர் பதிஞ்சிருக்கு, கூப்பிடுவோம்."

அன்று காலை இல்லத்தில் ஈனிட் கிழவி இறந்துபோனாள். பிள்ளைகள் மோதிரத்தையும் படங்களையும் எடுத்துப்போனார்கள். பிஸ்கட், பவுடர், கைக்குப் பூசும் கிரீம் எல்லாம் வேலைக்காரர்களுக்கு. அங்கே வழக்கம் அதுதான். கூட வேலை பார்க்கும் மாரீன் அலமாரியிலிருந்து ஈனிட்டின் மாவு டப்பாவை எடுத்து நீட்டினாள். பாதிக்கு மேல் இருந்தது.

"எப்படியும் குப்பைக்குத்தான் போகும். கொண்டுபோடி கண்ணு."

"குழந்தைக்கு ஆகுமா?"

"தொண்ணூறு வயசுக் கிழவிக்கே ஆச்சு. டாக்டர் எழுதிக் குடுத்தது. டீ கெட்டியாகும், பால் ஆகாதா?"

டப்பாவில் மருந்துக்கடைக்காரர் ஈனிட்டின் பெயரை அச்சடித்து ஒட்டியிருந்தார். லீயான் அதைப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

அன்றிரவே லீயான் பாலில் அந்த மாவைக் கலந்தாள். கெட்டிப்பால் இறங்குவதற்காகக் கிரேக் ஊசியைக் காய்ச்சி நிப்பிளின் துளையைப் பெரிதாக்கினான். ஐவி குடித்தாள். இருமவில்லை. கக்கவில்லை. கிரேக் நாற்காலியிலேயே வாயைப் பிளந்து தூங்கிப்போனான்.

வீடு தேடி வந்த நர்ஸ் எடை பார்த்தாள். "அட, ஏறியிருக்கே! என்ன பண்றீங்க?"

"பாலைக் கொஞ்சம் கெட்டியாக்கிக் குடுக்கிறோம்."

நர்ஸின் ஃபோன் அடித்தது. "நல்லது, அதையே பண்ணுங்க" என்று சொல்லிக்கொண்டே காரை நோக்கி நடந்தாள்.

அடுத்த வாரம் ஐவியின் வயிறு பறை மாதிரி இறுகியது. பச்சையாக வாந்தி எடுத்தாள். டயப்பரில் ரத்தம். பெரிய ஆஸ்பத்திரியில் வயிற்றைத் திறந்து பார்த்துவிட்டு மூடினார்கள். அறுவை மருத்துவர் முகக்கவசத்தைக் கழற்றாமலே பேசினாள்.

"குடல் பெரும்பாலும் செத்துப்போச்சு. பாலோட வேற ஏதாவது குடுத்தீங்களா?"

லீயான் பையிலிருந்து டப்பாவை எடுத்தாள். "வேலை செய்யற இடத்துல எல்லாருக்கும் இதான் குடுக்கிறோம்."

"இதனாலதான்னு அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா குறைமாசக் குழந்தைங்களுக்கு இதைக் குடுக்கவே கூடாதே. டப்பாலயே போட்டிருப்பாங்களே."

"எங்க போட்டிருக்கு?"

மருத்துவர் டப்பாவைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். பிறகு ஈனிட்டின் பெயரை நகத்தால் கீறிக் கிளப்பினாள். அதன் அடியில் அந்த எச்சரிக்கை பொடி எழுத்தில் இருந்தது.

ஐவி ஞாயிற்றுக்கிழமை இறந்தாள்.

அடக்கம் முடிந்த பிறகு இல்லத்தின் மேலாளர் கூப்பிட்டனுப்பினாள். மாரீன் ஏற்கெனவே அங்கே உட்கார்ந்திருந்தாள்.

"உங்க இழப்பு எங்களுக்குப் புரியுது. ஆனா இறந்தவங்க மருந்தை வீட்டுக்குக் கொண்டுபோனா அது திருட்டு, லீயான்."

"மாரீன்தான் குடுத்தா."

மாரீன் தரைவிரிப்பைப் பார்த்தாள். "குப்பையில போடச் சொல்லித்தான் குடுத்தேன், மேடம்."

லீயான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாரீன் நிமிரவில்லை. நடுக்கூடத்தில் யாரோ ஒருவருடைய கைக்குழந்தை, பார்க்க வந்த பேரக்குழந்தையாக இருக்கும், அழுதது. லீயானின் சீருடையில் மார்புப் பக்கம் இரண்டு ஈரவட்டங்கள் மெல்ல விரிந்தன.

மேலாளர் பார்வையை ஜன்னலுக்குத் திருப்பிக்கொண்டாள். "சீருடையைத் துவைச்சுத் திருப்பிக் குடுத்துருங்க."

மறுநாள் மருந்துக்கடை வண்டி புது டப்பாக்களை இறக்கியது. மாரீன் ஒன்றைத் திறந்து டீயில் தூவி அடித்தாள்.

"அந்தப் பொண்ணு எங்க? அவ அடிச்சா கட்டி விழாது" என்றார் வால்டர்.

"போயிட்டா. பேசாம குடிங்க."

அவர் குடித்தார். மேசைமேல் டப்பா இருந்தது. பொடி எழுத்தின் மேல், ஓரம் பிசகாமல், வால்டரின் பெயர் ஒட்டியிருந்தது.