கட்டில் பார்க்கும் நாள்

முதல் நாள் வகுப்புக்கு ஷஃபீனா ஒரு போத்தல் செவ்வரத்தம்பூச் சாறும் நாலு தேசிக்காயும் உடுப்புத் தோய்க்கிற ஒரு துண்டு சவர்க்காரமும் கொண்டு போனாள். ஆறு கண்ணாடிக் கிளாசும் பையில் இருந்தன. கண்ணாடி உள்ளே போகக் கூடாதாம். மேட்ரன் யூஜீனியா அவற்றை வாங்கி அலுமாரியில் பூட்டிவிட்டு, கழுவி வைத்த யோகட் கோப்பைகளைக் கொடுத்தாள்.

அது நீதிமன்றம் அனுப்புகிற பெண் பிள்ளைகளுக்கான இல்லம். மாம்புரிக்கு அப்பால், கடலுக்கும் களப்பு ஏரிக்கும் நடுவில் இருந்தது. யுத்தம் முடிந்து நாலு வருடம் ஆகியிருந்தது. விஞ்ஞான வகுப்பில் ஒன்பது பேர்.

ஷஃபீனா பல்கலைக்கழகத்தில் மூன்று வருடமும் கதவோரக் கதிரையில் இருந்து படித்தவள். கேள்வி இருந்தால் துண்டில் எழுதிப் பக்கத்தில் இருப்பவளிடம் கொடுத்துக் கேட்கச் சொல்வாள். "வாயத் தொறக்காத நீ எப்பிடி மகள் படிச்சுக் குடுப்பாய்?" என்று கரைத்தீவில் உம்மா சிரித்திருந்தாள். அதனால் முதல் வசனத்தைப் பஸ்ஸிலேயே பாடமாக்கி வைத்திருந்தாள்.

"பிள்ளைகள், இண்டைக்கு நாங்க ஒரு சோதனை செய்வம்."

கதிரைகள் எல்லாம் ஒன்றாக இழுபட்டன. பிள்ளைகள் செருப்பைக் கழற்றினார்கள். சட்டைப் பைகளை வெளியே இழுத்துவிட்டார்கள். சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று கைகளை அகல விரித்தார்கள். அப்படி நின்றது எட்டுப் பேர். ஒன்பதாவது கதிரை கவிழ்ந்து கிடந்தது.

"கெதியாப் பாருங்க டீச்சர், கை நோகுது" என்றாள் ஜெமீலா, சுவரைப் பார்த்தபடியே.

ஷஃபீனாவுக்குப் பிடிபட ஒரு நிமிடம் எடுத்தது. பரீட்சைக்கும் அதே சொல்தான், ஆய்வுகூடத்தில் செய்து பார்ப்பதற்கும் அதே சொல்தான். பஸ்ஸை மறித்து எல்லோரையும் இறக்கிப் பையைக் கொட்டச் சொன்ன காலத்திலும் அதற்குச் சோதனை என்றுதான் பேர். வரிசையில் அவளும் நின்றிருக்கிறாள். யுத்தம் முடிந்ததோடு அந்த அர்த்தமும் முடிந்துவிட்டது என்று நினைத்திருந்தாள்.

ஓடிப்போனவள் அனஸ்தாசியா. உச்சமுனைத் தீவுப் பிள்ளை, பதினாறு வயது. உடுப்புத் தோய்க்கிற கல்லுக்குப் பின்னால் முழங்காலைக் கட்டிக்கொண்டு இருந்தாள். ஷஃபீனா கிட்டப் போகவில்லை. பத்தடி தள்ளி நிலத்தில் இருந்தாள். மணி அடித்தது.

"அனே டீச்சர், திங்கட்கிழமையில நாங்க கட்டில், பெட்டி, ஆள் எல்லாம் சோதிக்கிறது. பிளேட் ஒளிச்சு வச்சுக் கையை வெட்டுறாளுகள். நான் என்ன செய்ய?" என்றாள் மேட்ரன். "இவள்ற கதை வேற. கொழும்பில வீட்டு வேலைக்கு நிண்டவள். நகை காணாமப் போச்சாம். பஸ் ஸ்டாண்டில ஆம்பிளையள் சுத்தி நிக்கச் சோதிச்சிருக்காங்க. நகை கிடைக்கல்ல, வழக்குத்தான் கிடைச்சுது."

"ஓ.எல். பரீட்சை எடுக்கப் போறாளா?"

"ஆசைதான். ஓ.எல். இல்லாட்டித் திரும்பவும் வீட்டு வேலைதானே? ஆனா பழைய மாஸ்டரிட்ட ரெண்டு தரம் எழும்பி ஓடினவள். இண்டைக்கு உங்களிட்ட. கல்பிட்டிப் பரீட்சை மண்டபத்தில இருந்து ஓடினா கோட்டுக்கு நான்தான் பதில் சொல்லோணும். லிஸ்டில இருந்து பேரை வெட்டப் போறன்."

"லிஸ்ட் எப்ப போகுது?"

"ரெண்டு மாசம் இருக்கு."

"அதுவரைக்கும் வெட்டாதீங்க மேட்ரன்" என்றாள் ஷஃபீனா. சொன்ன பிறகுதான் தன் குரல் தனக்கே கேட்டது.

அடுத்த நாளிலிருந்து வகுப்பின் கதவு திறந்தே கிடந்தது. அனஸ்தாசியாவின் கதிரை கதவோரத்துக்கு வந்தது. என்னென்ன நடக்கப் போகிறது என்று பாடத்துக்கு முன்பே ஷஃபீனா கரும்பலகையில் எழுதிவிடுவாள். ஒருத்தருடைய முதுகுக்குப் பின்னாலும் போய் நிற்கமாட்டாள். எழும்பிப் போகிறவர்கள் காரணம் சொல்லத் தேவையில்லை. திரும்பி வரலாம்.

சோதனை என்ற சொல்லுக்குப் பதிலாக என்ன சொல்வது என்று பிள்ளைகளையே கேட்டாள்.

"'சும்மா பாப்பம்' எண்டு சொல்லுங்க டீச்சர்" என்றாள் ஜெமீலா.

அப்படியே ஆனது. சும்மா பார்த்தார்கள். பூச்சாற்றில் தேசிக்காய் பிழிந்தால் சிவந்தது, சவர்க்காரத் தண்ணீர் ஊற்றினால் பச்சையானது. களப்புத் தண்ணீருக்கு என்ன நிறம் வரும் என்பதில் இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை பிடித்தார்கள். அனஸ்தாசியா முதல் வாரம் நாலு தரம் வெளியே போனாள். நாலு தரமும் அவளுடைய கோப்பை அவள் விட்ட இடத்திலேயே இருந்தது. மூன்றாம் வாரம் ஒரு தரம்தான் போனாள். திரும்பி வந்தவள் கதிரையில் இராமல் மேசையடியில் நின்றாள்.

"டீச்சர், ஓ.எல். பேப்பரில 'சும்மா பாப்பம்' எண்டா போடுவாங்க?"

எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. "சோதனை எண்டுதானே இருக்கும்? மண்டபத்திலயும் அப்பிடித்தானே சொல்லுவாங்க?"

ஒரு சொல்லை ஒளித்து வைத்தால் அது ஒளித்த இடத்திலேயே இருக்கும். பிள்ளை சொன்னது சரி.

அன்று பின்னேரம் ஷஃபீனா சொல்ல வேண்டியதை எல்லாம் ஒரு தாளில் ஒழுங்காக எழுதி மேட்ரனிடம் நீட்டினாள்.

"மூக்குக் கண்ணாடி உடைஞ்சு போச்சு மகள். வாயால சொல்லுங்க."

ஷஃபீனா தாளைப் பார்த்தாள். பிறகு மடித்தாள். "நீங்க அந்தச் சொல்ல விட்டுத் தரோணும் மேட்ரன்."

"எந்தச் சொல்?"

"சோதனை. அது எனக்கு வேணும்."

"இருவது வருசமா அதுதானே சொல்! வேற என்னெண்டு கத்துற?"

"கத்தத் தேவையில்ல. கட்டில் பாக்கிறம் எண்டு முதல் நாளே சொல்லலாம். அவங்கட பெட்டிய அவங்களே திறந்து காட்டட்டும். ஆளைத் தொட வேணாம்."

"முதல் நாளே சொன்னா பிளேட்டை ஒளிச்சிருவாளுகளே!"

"இப்ப மட்டும் ஒளிக்கல்லியா?"

யூஜீனியா அவளை உற்றுப் பார்த்தாள். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தாள். "வாய் பேசாத டீச்சர் எண்டாங்க. ஆர் சொன்னது?"

அடுத்த திங்கட்கிழமை விறாந்தையில் மேட்ரனின் குரல் கேட்டது. "சோ..." என்று தொடங்கி நின்றது. "சோறு! சோறு திண்டு முடிஞ்ச பொறகு கட்டில் பாக்க வாறன்!"

பிள்ளைகள் தலையணையில் முகத்தைப் புதைத்துச் சிரித்தார்களாம். பெட்டியைத் தாங்களே திறந்து காட்டினார்கள். அதற்கடுத்த வாரம் மேட்ரனின் மேசையில் கடதாசியில் சுற்றிய ஒரு பிளேட் கிடந்தது. யார் வைத்தது என்று அவள் கேட்கவில்லை. கேட்காமல் இருக்கத் தனக்கு என்ன பாடாகிவிட்டது என்று ஷஃபீனாவிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்தாள்.

ஒரு மாதம் அப்படிப் போனது. பிறகு ஷஃபீனா அனஸ்தாசியாவிடம் சொன்னாள். "நாளைக்கு வகுப்பில அந்தச் சொல்ல மூண்டு தரம் சொல்லுவன். கதவு திறந்திருக்கும். வேணாம் எண்டா இப்பவே சொல்லுங்க."

அனஸ்தாசியா கொஞ்சம் யோசித்தாள். "மூண்டு தரம்தானே? சரி."

முதல் தரம் சொன்னபோது அவள் கதிரையின் விளிம்பை இறுக்கிப் பிடித்தாள்.

"ஒண்டு!" என்றாள் ஜெமீலா.

இரண்டாம் தரத்துக்கு வகுப்பே சேர்ந்து எண்ணியது. மூன்றாவதை எண்ணியது அனஸ்தாசியாதான், எல்லோரையும் விட மெதுவாக. வெளியே போகவில்லை. லிஸ்ட் அவளுடைய பேரோடு போனது.

மார்கழியில் ஓ.எல். தொடங்கியபோது நல்ல மழை. கல்பிட்டிப் பாடசாலை மண்டபத்தை ஒரு வாரத்துக்கு முன்பே பிள்ளைகளைக் கூட்டிப் போய்க் காட்டியிருந்தார்கள். பையை வாசலில் வைத்தால் போதும், யாரையும் தொடமாட்டோம் என்று பொறுப்பான டீச்சரும் சொல்லியிருந்தார். ஆனாலும் விஞ்ஞானப் பாடத்தன்று ஷஃபீனாவும் மேட்ரனும் எதிர்க் கொட்டகையில் ஆளுக்கொரு தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

ஒரு மணித்தியாலம் போயிருக்கும். அனஸ்தாசியா ஒரு டீச்சரோடு விறாந்தைக்கு வந்தாள்.

"அனே, வந்திட்டாள்" என்று மேட்ரன் குடையைப் போட்டுவிட்டு மழைக்குள் இறங்கப் போனாள். ஷஃபீனா அவள் கையைப் பிடித்தாள். "பொறுங்க."

அனஸ்தாசியா குழாயடியில் முகம் கழுவினாள். தண்ணீர் குடித்தாள். வாசல் கேற்றை ஒரு தரம் பார்த்தாள். கேற் திறந்துதான் கிடந்தது. பிறகு கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

மணி அடித்து எல்லாப் பிள்ளைகளும் வெளியே வந்த பிறகு, கடைசியாக வந்தாள்.

"ஏனடி இவ்வளவு நேரம்?" என்றாள் மேட்ரன்.

"மணி அடிக்க முதல் ஏன் எழும்புற?"

மேட்ரன் பையிலிருந்து மீன் வைத்த மாலு பணிஸ் ஒன்றை எடுத்து அவள் கையில் திணித்தாள். வேனில் ஏறி அதில் பாதியைத் தின்று முடித்த பிறகு அனஸ்தாசியா சொன்னாள்:

"நாளைக்குக் கணிதம் டீச்சர். வட்டத்திட பரப்பளவு மறந்து போச்சு. போக்குள்ளயே சொல்லித் தாங்க."

கூரையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. ஷஃபீனா சத்தமாகவே சொல்ல வேண்டியிருந்தது.