எபெனேசருக்குப் பின்னால் மண்டியிட்டது

எபெனேசர் டுவுமாசி காவல் நிற்கும் கோல்கம்பம் ஜெபம் செய்யும். அவன் மண்டியிட்டால் அதுவும் அவனுக்குப் பின்னால் மண்டியிடும். இரண்டு இரும்புக் கால்களும் முட்டி வைத்தாற்போல மடங்கி, குறுக்குக் கம்பம் அவன் தோளுயரத்துக்கு இறங்கி, ஆமென் சொன்னதும் முனகிக்கொண்டே எழும். கானா நாட்டுக் குமாசியின் மலிவு டிக்கெட்காரர்கள் இதைக் கென்கே என்னும் சோளமாவு உருண்டையின் விலை சொல்வதுபோலச் சாதாரணமாகச் சொல்வார்கள். ஒத்துக்கொள்ளாதவர் வானொலி வர்ணனையாளர் பாஃபோ ஒருவர்தான்.

முதல் வருஷம் இரண்டு நிருபர்கள் வந்தார்கள். மூன்றாம் வருஷம் காமிராக்காரர்கள் நெரித்ததில் கார்னர் அடிக்க இடமில்லை. மறுமுனையில் எபெனேசரின் அணி போட்ட கோல்களை ஒருவரும் படம்பிடிக்காததால், அணி தோற்றுவிட்டதாகவே தலைநகர் அக்ராவில் நம்பினார்கள். வலையில் தொங்கும் அவனுடைய துண்டில்தான் விஷயம் இருக்கிறது என்று எதிரணிகள் அதை வாரந்தவறாமல் திருடின. ஒரு அணி துண்டைப் பிழிந்த தண்ணீரைக் குடித்துவிட்டு, பதினொரு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்தார்கள். லென்ஸ்கள் எல்லாம் அவனுடைய முணுமுணுக்கும் உதட்டையே மொய்த்ததால், கம்பம் மட்டும் ஒரு படத்திலும் விழவில்லை.

"வெயில்ல உங்களுக்குக் கண்ணு பூத்துப்போச்சு. அது முட்டி போடுறத நான் பார்த்தா, பார்த்தேன்னு இதே மைக்குல சொல்லிட்டு எந்திரிச்சுப் போயிடறேன். அப்புறம் இந்தப் பக்கமே வரமாட்டேன்" என்று பாஃபோ ஒலிபரப்பிலேயே சொல்லிவிட்டார்.

"பொழப்பப் பந்தயம் கட்டாதீங்கண்ணே. அப்புறம் எங்கிட்ட வந்து மாவு பிசையணும்" என்றாள் கென்கே விற்கும் அத்வோவா. அவர் சிரித்தார். வீட்டில் அவர் பேச்சைக் கேட்க ஆளில்லை. முப்பது வருஷமாக அந்த மைக்தான் அவருக்குக் குடும்பம்.

கோப்பை இறுதியாட்டத்தன்று எபெனேசர் அவரைத் தேடி வந்தான்.

"மாமா, கம்பத்த நான் கூப்பிடல. யாருக்கும் அடிபடக் கூடாதுன்னுதான் ஜெபத்துல கேக்கறேன். முதுகுக்குப் பின்னால முட்டி மடக்குற சத்தம் வருது. ஒரு தடவகூடத் திரும்பிப் பார்த்ததில்ல. இன்னிக்கு நான் மண்டி போடப்போறதில்ல."

"காமிராக்காரனுக்குப் பயமா, இல்ல அந்தக் கம்பத்துக்கா?"

"ரெண்டுக்கும்தான்."

கடைசி நிமிஷத்தில் எதிரணிக்குப் பெனால்டி கிடைத்தது. எபெனேசர் கைகளைத் தொங்கவிட்டு நின்றான். அத்தனை லென்ஸும், மைதானத்தின் அத்தனை கண்ணும் அவனுடைய முழங்கால்களில் குத்திட்டு நின்றன. மடங்குமா, மடங்காதா? வானொலி கேட்டுக்கொண்டு போன சிற்றுந்துகள் நடுரோட்டில் நின்றுவிட்டன. பாஃபோ மட்டும், தொழில் பழக்கம், பந்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

காற்று நின்றது. எலும்பு சொடுக்கும் சத்தம் கேட்டது. முன்னால் யாரும் மண்டியிடாமலே கம்பம் தானாக, இருட்டில் தரையைத் தடவும் வயசாளியைப்போல, மெல்லக் கீழே இறங்கியது. நேராக வந்த பந்து அதன் மேலாகப் போய்க் கூட்டத்தில் விழுந்தது. கம்பம் எழுந்து நின்றது. காமிராக்களில் பதிந்திருந்தவை மடங்காத இரண்டு முழங்கால்கள்.

பந்து மேலே போய்விட்டது என்று பாஃபோ சொன்னாலே போதும். அது பொய்கூட இல்லை. வானொலியில் வெறும் மூச்சுச் சத்தம் வந்தது. சந்தையில் அத்வோவா சத்தத்தைக் கூட்டினாள்.

"பையன் முட்டி போடல" என்றார் பாஃபோ. "கம்பம்தான் முட்டி போட்டுச்சு. நான் பார்த்தேன்."