ரப்பர் சக்கரக்காரன்

நான் டயர் வியாபாரி. நான் காதலித்த பெண்ணோ, ரப்பர் டயரே கூடாது என்று தள்ளிவைத்த ஊர்க்காரி. என் சாமர்த்தியம் இதிலேயே உங்களுக்குப் புரிந்திருக்கும்.

மத்திய அமெரிக்காவின் பெலிஸ் நாட்டில், ஸ்பானிஷ் லுக்கவுட் ஊரில் இருக்கும் நாங்களும் மெனோனைட் சபைக் கிறிஸ்தவர்கள்தான், ஷிப்யார்ட் ஊரில் இருக்கும் அவர்களும் மெனோனைட்டுகள்தான். அதே வேதம், அதே தாய்மொழி, அதே கோழி நூடுல்ஸ் சூப். ஆனால் நாங்கள் வண்டி ஓட்டுவோம்; அவர்கள் குதிரை பூட்டுவார்கள். டிராக்டர் வாங்கினாலும் டயரைக் கழற்றி எறிந்துவிட்டு இரும்புச் சக்கரம் மாட்டுவார்கள். ரப்பர் இருந்தால் பையன்கள் டவுனுக்கு ஓட்டிக்கொண்டு போய்விடுவார்களாம். அந்தக் கழற்றிய டயர்களை வாங்கத்தான் புதன்கிழமைதோறும் நான் அங்கே போவது.

அப்படி ஒரு புதன்கிழமை, அந்த ஊரே அத்தை என்று கூப்பிடும் காத்தரீனா கைகாட்டி என் பிக்கப்பை நிறுத்தினார். வண்டி சொந்தமாக வைத்துக்கொள்ளவும் ஓட்டவும்தான் அங்கே தடை. வெளியாள் வண்டியில் கூலி கொடுத்து ஏறலாம். அத்தையின் காலில் சர்க்கரைப் புண். வாரம் ஒருமுறை பெலிஸ் சிட்டி ஆஸ்பத்திரியில் கட்டு மாற்ற வேண்டும். துணைக்கு மகள் யுஸ்தினா. முப்பத்து நான்கு வயது. அந்த ஊரில் அந்த வயதுக்கு எட்டாவது பிள்ளைக்குப் பல் முளைத்திருக்கும். இவளுக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை. எனக்கு நாற்பத்தொன்று. எங்கள் ஊரிலும் அதே கேவலம்தான், ஏசி மட்டும் கூடுதல்.

“உங்க வீட்ல யாரு சமைக்கிறா?” என்று முதல் நாளே கேட்டாள்.

“நான்தான்.”

“யாரு சாப்பிடறா?”

“அதுவும் நான்தான்.”

“அப்போ புகார் சொல்லக்கூட ஆளில்ல.”

அத்தை சிரித்த சிரிப்பில் வண்டி ஆடியது. “ஏய், ஓட்டறவன அழ வைக்காத. அப்புறம் ரோடு தெரியாது அவனுக்கு.”

போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம். ஒரு வருஷம் இப்படிப் போனது. மற்ற ஆறு நாளும் நான் டயர்களோடு பேசிக்கொண்டிருந்தேன். அவை நன்றாகக் கேட்கும்.

ஒரு நாள் திரும்பி வரும்போது அத்தை கண்ணயர்ந்திருந்தார். கல்யாணம் பண்ணிக்கொள்ளலாமா என்று யுஸ்தினாவிடம் கேட்டுவிட்டேன்.

கரும்புத் தோட்டத்தைப் பார்த்தபடியே பதில் சொன்னாள். “நான் உங்ககூட வெளிய வந்தா சபைய விட்டு நீக்கிடுவாங்க. அம்மா சாப்பிடற மேசையில எனக்குத் தட்டு கிடையாது. அவங்க காலுக்கு யாரு கட்டுப் போடுவா?”

“அப்போ நான் உள்ள வர்றேன்.”

“அவசரப்படாதீங்க கெர்ஹார்ட்,” என்றாள். நான் அதை வெட்கம் என்று எடுத்துக்கொண்டேன். பெண்கள் விஷயத்தில் என் அனுபவம் அவ்வளவு.

அன்று மாலையே அவர்கள் சபை மூப்பர் டீட்ரிக் வீட்டில் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“பெந்தெகொஸ்தே பண்டிகை அன்னைக்கு ஞானஸ்நானம்,” என்றார். “வேதபாடக் கேள்வி பதில் முழுசும் மனப்பாடமா ஒப்பிக்கணும். அதுக்கப்புறம்தான் கல்யாணப் பேச்சு. கைபேசி?”

கொடுத்தேன்.

“வண்டி?”

சாவியை மேசைமேல் வைத்தேன். “அது ஆணியில தொங்கட்டும்,” என்றார். “மனசு மாறினா எடுத்துக்கலாம்.”

“அப்படி யாராவது எடுத்திருக்காங்களா?”

“வெளிய இருந்து வந்தவனே நீ ஒருத்தன்தான்.”

ஒரு விவசாயியின் மாட்டுக்கொட்டகையை ஒட்டி அறை கிடைத்தது. மார்புவரை ஏறும் வார் வைத்த கால்சட்டையில், வயதான குழந்தைபோல இருந்தேன். விடிகாலையில் பால் கறந்தபடியே பாடத்தை ஒப்பிப்பேன். எனக்கு முன்பே மாடுகள் தேறியிருக்கும்.

முதல் புதன்கிழமைதான் நான் செய்த காரியம் எனக்கே விளங்கியது. யுஸ்தினா வீட்டு வாசலில் ஒரு வெள்ளை வேன் வந்து நின்றது. எவுசேபியோ என்கிற டவுன்காரர் ஓட்டினார். அவர் வெளியாள், அதனால் ஓட்டலாம். நான் உள்ளாள் ஆகிக்கொண்டிருப்பவன், ஓட்டக்கூடாது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். பெந்தெகொஸ்தே முடிகிறவரை பேச்சுக்கும் இடமில்லை. மாப்பிள்ளை ஆகப்போனவனுக்கு, ஓட்டுநராக இருந்தபோது கிடைத்த நாலு மணி நேரமும் போயிற்று. வேலியோரம் பால் வாளியோடு நின்றேன். வேன் கடந்தபோது அவள் கை உயர்ந்து, தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு இறங்கியது.

அடுத்த வாரமும் நின்றேன். அதற்கடுத்த வாரமும். அதன்பின் வேன் வரவில்லை. கரும்பு வெட்டு உச்சத்தில் இருந்தது. டவுனில் ஸ்டீயரிங் பிடிக்கத் தெரிந்தவன் எல்லாம் ஆலைக்குக் கரும்பு ஏற்றப் போய்விட்டான், எவுசேபியோ உட்பட. மூன்று புதன்கிழமைகள் வெறுமனே போயின.

நாலாவது புதன்கிழமை காலை, யுஸ்தினா கொட்டகைக்கே வந்துவிட்டாள். தனியாக, ஊரே பார்க்க.

“ரெண்டு விரல் கறுத்துப்போச்சு. இப்பவே போகலேன்னா காலை எடுக்கணும்பாங்க. குதிரை வண்டியில போய்ச் சேர்றதுக்குள்ள நாளைக்கு ஆயிடும். வண்டிய எடுங்க.”

“எடுத்தா பெந்தெகொஸ்தே இல்ல, யுஸ்தினா.”

“தெரியும்.”

“ஒரு தடவ திரும்பிப் போனவன மறுபடி சேர்க்க மாட்டாங்க.”

“அதுவும் தெரியும். தெரிஞ்சுதான் ராத்திரி பூரா உக்காந்திருந்தேன். என்னைக் கெஞ்ச வைக்காதீங்க.”

வாளியை வைத்துவிட்டு ஓடினேன். அந்தக் கால்சட்டையோடு ஓடுவது அழகான காட்சி அல்ல. மூப்பர் கதவைத் திறந்து, என் முகத்தைப் பார்த்தார். அவரே ஆணியிலிருந்து சாவியை எடுத்துவந்து என் உள்ளங்கையில் வைத்தார்.

“சபை விதிய நான் மாத்த முடியாதுப்பா,” என்றார். பிறகு மெதுவாக, “அந்த அம்மா காலுக்கு வெளியாள் ஒருத்தன் வேணும். அது நீயா இருக்கறதுல எனக்கு வருத்தம்தான்.”

வழிநெடுகக் கரும்பு லாரிகள். அத்தைக்குக் காய்ச்சல். ஆனாலும் வாய் ஓயவில்லை. “எவுசேபியோ ஒவ்வொரு பள்ளத்தையும் இறங்கி விசாரிச்சுட்டுத்தான் போவான். நீதான்டா ஓட்டுநர்.” கொஞ்ச தூரம் போனதும், “மருமகனா வந்திருந்தா இப்படிச் சொல்லியிருக்க மாட்டேன்,” என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். யுஸ்தினா என் தோளுக்குப் பக்கத்தில் நேராகப் பார்த்தபடி இருந்தாள்.

இரண்டு விரல்களை எடுத்தார்கள். கால் தப்பியது.

பெந்தெகொஸ்தே ஞாயிறன்று எங்கள் ஊர்ச் சபையில், ஏசிக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்தேன். ஷிப்யார்டில் அந்நேரம் பதினெட்டு வயதுப் பிள்ளைகள் நான் மனப்பாடம் செய்த பதில்களை ஒப்பித்துக்கொண்டிருப்பார்கள். மனதுக்குள் மூன்றாவது கேள்வி வந்தபோது என் உதடு தானாக அசைந்தது. முன்வரிசையில் இருந்த குழந்தை ஒன்று திரும்பி முறைத்தது.

மதியம் அண்ணன் வீட்டில் சாப்பாடு.

“இன்னுமா உனக்கு ஒருத்தியும் அமையல?” என்றார் மார்கரெட்டா அண்ணி.

“அமைஞ்சிருக்கா அண்ணி. புதன்கிழமை மட்டும். கூலியும் அவளே குடுக்கறா.”

அண்ணி கண்ணில் நீர் வரச் சிரித்து, என் தட்டில் இன்னொரு துண்டு சாசேஜ் வைத்தார். நானும் சிரித்தேன். பிறகு வீட்டுக்கு வந்து, எல்லா ஜன்னல்களையும் திறந்துவைத்து, ஒரு ஆளுக்குக் காபி போட்டேன்.