இருமலை மறைத்தவள்

தீக்காய வார்டு வாசலில் ஒரு மரப்பலகை இருந்தது. அதில் மேல் வரிசையில் வெள்ளைக் கொக்கிகள், கீழ் வரிசையில் மஞ்சள் கொக்கிகள். காலையில் வேலைக்கு வருகிறவர்கள் கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையைக் கழற்றி ஏதாவது ஒன்றில் மாட்டிவிட்டுத்தான் அடுத்த அடி எடுத்துவைப்பார்கள். அநேகமாக எல்லாரும் வெள்ளையில்தான் மாட்டுவார்கள். எப்போதாவது ஒன்றிரண்டு அட்டைகள் மஞ்சளில் தொங்கும். எதற்கு இந்த மஞ்சள் என்று தையல்காரிக்கு மண்டை குடைந்தது. லேட்டாக வருகிறவர்களுக்கான தண்டனை போலிருக்கிறது என்று தானாகவே முடிவுகட்டி, தினமும் பத்து நிமிடம் முன்னதாகவே வந்துவிடுவாள்.

மூன்று மாதத் தொண்டு வேலைக்காகக் கடல் கடந்து வந்தவள் அவள். தீக்காயம் ஆறிய இடத்தில் தழும்பு தடித்துப்போகாமல் இருக்க, உடம்பை இறுக்கிப் பிடிக்கும் உடுப்பு போட வேண்டும். அதை ஆளுக்கு ஆள் அளவெடுத்துத் தைப்பதுதான் அவள் வேலை. வந்த முதல் நாள் மேற்பார்வையாளர் அந்த நாட்டு மொழியில் அரை மணி நேரம் விதிமுறைகளை விளக்கினார். பாதி புரியவில்லை. திருப்பிக் கேட்டால் கௌரவக் குறைச்சல் என்று எல்லாவற்றுக்கும் தலையாட்டி வைத்தாள். அங்கே தமிழ் பேசும் நர்ஸ் ஒருத்தி இருந்தாள். ஆனால் அவளிடம் கேட்டால் அன்றைக்குத் தலையாட்டிய குட்டு உடைந்துவிடுமே!

ஐந்தாவது வாரம் தொண்டை கரகரத்தது. சாயங்காலம் உடம்பும் கதகதவென்று இருந்தது. ஊரிலிருந்து கணவர் போனில் அழைத்தார். அவர் பஸ் கண்டக்டர்.

"என்ன, குரலு ஒரு மாதிரியா இருக்கு?"

"சளிங்க. நாளைக்கு லீவு சொல்லலாமான்னு பாக்குறேன்."

"சளிக்கெல்லாமா லீவு? சேவை பண்ணப் போன எடத்துல படுத்துக்கிட்டா என்ன நெனப்பாங்க? ஜுரம்னு நான் ஒரு நாளாவது வீட்ல உக்காந்திருக்கேனா? எனக்கு வாங்கின மாத்திரை உன் பையில மிச்சம் இருக்கும். ரெண்டைப் போட்டுக்க."

போட்டுக்கொண்டாள். மறுநாள் அட்டையை வெள்ளைக் கொக்கியிலேயே மாட்டினாள். இருமல் வரும்போதெல்லாம் தையல் மிஷினை வேகமாக ஓட்டி அந்தச் சத்தத்தில் அதை அமுக்கினாள்.

அன்று ரொட்டிக்காரருக்கு உடுப்பு போட்டுப் பார்க்கும் நாள். ரொட்டிக்கடை அடுப்பில் வெந்துபோன வலது கைக்குத்தான் உடுப்பு. கழுத்துப் புண்ணின் மேல் ஒட்டிய புதுத் தோல் இன்னும் சரியாகப் பிடிக்கவில்லை. தைக்கும்போது பென்சிலை வாயில் கவ்விக்கொள்வது இவள் பழக்கம். அதற்காக முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கினாள். முழங்கையில் குறி வைக்கக் குனிந்தபோது அடக்கி வைத்த இருமல் மூன்று தரம் வெடித்தது. ரொட்டிக்காரர் சிரித்துக்கொண்டே தண்ணீர் டம்ளரை அவள் பக்கம் நகர்த்தினார்.

மூன்றாம் நாள் அவருடைய கட்டிலைச் சுற்றித் திரை போட்டிருந்தார்கள்.

"என்னாச்சு?" என்று நர்ஸிடம் கேட்டாள்.

"எங்கிருந்தோ சளி புடிச்சிருக்கு. இருமி இருமிக் கழுத்துல ஒட்டின தோலு ஒரு ஓரமா கிளம்பிடுச்சு. மறுபடி ஒட்டணுமாம். பாவம், அடுத்த வாரம் வீட்டுக்குப் போயிருக்க வேண்டியவரு."

தையல்காரி வாசலுக்கு வந்து நின்றாள். மஞ்சள் கொக்கி ஒன்றில் தலைமை டாக்டரின் அட்டை தொங்கியது! அவருக்குமா தண்டனை? வெட்கத்தை விட்டு, நர்ஸைக் கூப்பிட்டுக் கேட்டேவிட்டாள்.

"உடம்பு சரியில்லாதவங்க மஞ்சள்ல மாட்டணும். அன்னைக்கு நோயாளிங்க பக்கம் போகக்கூடாது, பின்னறையில வேற வேலை. மொத நாளே சொல்லியிருப்பாங்களே?"

எட்டிப் பார்த்தாள். பின்னறையில் தலைமை டாக்டர் மூக்கைச் சிந்திக்கொண்டு, பழைய காகிதங்களில் ஓட்டை போட்டுக் கோத்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் கூச்சம் மருந்துக்கும் இல்லை.

"என் சளிதான் அவருக்கு ஒட்டிக்கிச்சு," என்றாள் தையல்காரி. மிச்ச மாத்திரை விழுங்கியது வரை ஒன்றுவிடாமல் சொன்னாள். நர்ஸ் அவளுடைய அட்டையை வெள்ளைக் கொக்கியிலிருந்து எடுத்து அவள் கையில் கொடுத்தாள்.

"அது ஆன்டிபயாட்டிக் மாத்திரை, சளிக்கு ஒண்ணும் செய்யாது. யாருக்கோ எழுதினதை இனிமே வாயில போடாதீங்க. கெளம்புங்க, நல்லா ஆனப்புறம் வாங்க."

ஆறு நாள் கழித்து, உடம்பு தேறியதும் அவள் நேராக ரொட்டிக்காரரின் கட்டிலுக்குப் போனாள். இரண்டாம் தரம் தோல் ஒட்டிய கழுத்தோடு அசையாமல் படுத்திருந்தார். அவள் சொன்னதையெல்லாம் நர்ஸ் அவர் மொழியில் சொன்னாள். திட்டுவார் என்று தையல்காரி தலையைக் குனிந்திருந்தாள். அவரோ கூரையைப் பார்த்தபடி வெகுநேரம் பேசினார்.

"என்ன சொல்றாரு?"

"இவருக்கு எப்படி நெருப்புப் பட்டுச்சுன்னு யாருமே கேட்டதில்லையாம். அன்னைக்கு நல்ல ஜுரமாம். தான் ஒரு நாள் போகாட்டி கடையே நின்னுடும்னு போயிருக்காரு. தலை சுத்தி அடுப்புக் கதவு மேலேயே விழுந்துட்டாராம். 'இருமிக்கிட்டே எத்தனை நாள் மாவு பெசைஞ்சிருப்பேன், எத்தனை பேரு அந்த ரொட்டியத் தின்னாங்களோ, நான் யாரைத் திட்டுறது'ன்னு கேக்குறாரு."

தையல்காரி முகக்கவசத்தை மூக்குக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டாள். கண் மட்டும்தான் தெரிந்தது. அது கலங்கியிருந்தது.

"அவர்கிட்ட சொல்லுங்க," என்றாள். "உடம்பு முடியாம வேலைக்கு வந்து நின்னா நமக்குப் பேரு கெடைக்குது. வலி மட்டும் அடுத்தவங்களுக்குப் போகுது. முடியலன்னா முடியலன்னு சொல்லிட்டு ஒதுங்கி நிக்கிறதும் சேவைதான்னு இவ்வளவு தூரம் வந்து, உங்க கழுத்தைப் பாத்துத்தான் கத்துக்கிட்டேன்னு சொல்லுங்க."