பழையது முதலில் போகும்

பேரரசர் பகலில் குளியலறைச் சாமான் கடை நடத்தினார். பேரரசு அந்தக் கடையின் குடோனில், ஃப்ளஷ் டேங்க் அட்டைப்பெட்டியின் மேல், தூசு படிந்த ஒரு கணினிக்குள் இருந்தது. அதுதான் சர்வர். அதற்குள் ஓடிய விளையாட்டு உலகத்தில் ஊரெங்கும் இருந்து ஆட்கள் வந்து மலையைக் குடைந்தார்கள், கோட்டை கட்டினார்கள், சமயம் பார்த்து ஒருவரையொருவர் முதுகில் குத்தினார்கள். மந்திரிசபையும் உண்டு. போர்த்தளபதி வீட்டில் மனைவியிடம் அனுமதி வாங்கிவிட்டுத்தான் வாளை உருவுவார்.

சர்வரைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு ஒரு ஏசி மெக்கானிக்குடையது. எதைத் தொட்டாலும் 'ஜாக்கிரதை, ஜாக்கிரதை' என்று முணுமுணுப்பவன். அதனால் எல்லோருக்கும் அவன் ஜாக்கிரதை. பேரரசர் கொடுத்த பட்டம் 'உலகக் காவலர்'. பட்டத்தோடு சரி.

உலகம் கிழடுதட்டியிருந்தது. வெட்ட மலை மிச்சமில்லை. பத்துப் பேர் ஒரே நேரத்தில் நுழைந்தால் சர்வருக்கு மூச்சு வாங்கியது. பேரரசர் மந்திரிசபையைக் குடோனில் கூட்டி, ஒரு வாஷ்பேசின் மேல் கையை ஊன்றிக்கொண்டு முழங்கினார்.

"அமைச்சர்களே! இவ்வுலகம் மூப்படைந்துவிட்டது. இதைத் துடைத்துப் புத்துலகம் படைப்போம்!"

"துடைக்கிறதுக்கு முன்னாடி பழசை நகல் எடுத்து வைக்கணும்ண்ணே," என்றான் ஜாக்கிரதை.

"எடும். அந்நகலுக்கு 'நித்தியக் கருவூலம்' என்று பெயரிடும்."

"பேரு என்னவா வேணா இருக்கட்டும்ண்ணே. டிஸ்க்ல இடம் இருக்கணும்."

அவன் இவ்வளவு கவலைப்பட்டது பேரரசரின் கோட்டைக்காக அல்ல. கொத்தனார் என்று எல்லோரும் கூப்பிட்ட ஒரு பையன் அந்த உலகத்தில் ஒரு வீடு கட்டியிருந்தான். போன மழைக்காலத்தில் காய்ச்சல் வந்து இறந்துபோனான். அவனுடைய அம்மாவுக்குக் கால்கள் இரண்டும் விழுந்துபோய்ப் பல வருஷமாகிறது. நிஜத்தில் முடியாததை இங்கே செய்திருந்தான் பையன்: 'உனக்கு ஒரு வீடு கட்டியிருக்கேன்மா, முடிச்சிட்டுக் காட்டுறேன்' என்று சொல்லியிருந்தான். காட்டுவதற்குள் போய்விட்டான்.

உலகத்தைத் துடைக்கப்போகிறார்கள் என்று கேட்டுக் கொத்தனாரின் அக்கா போன் செய்தாள். தையல் கடை வைத்திருப்பவள்.

"அம்மா இப்போ ஆஸ்பத்திரியில இருக்காங்க தம்பி. வீட்டுக்கு வந்ததும் நான் வந்து வாங்கிக்கிறேன். அதுக்குள்ள அழிஞ்சிடாதே?"

"எப்படிக்கா அழியும்? நான் இருக்கேன்ல."

அதற்கடுத்த ஞாயிறு அவன் எல்லாவற்றையும் முறைப்படி செய்தான். ஆட்டக்காரர்களை வெளியேற்றினான். சர்வரை நிறுத்தினான், ஓடிக்கொண்டிருக்கும்போது எடுத்த நகல் பாதி வெந்த பண்டம் என்று அவனுக்குத் தெரியும். நகல் எடுத்தான். தன் லேப்டாப்பில் போட்டுத் திறந்தும் பார்த்தான். லேப்டாப்பில் இடமில்லாததால் அங்கிருந்ததை மட்டும் நீக்கினான். நித்தியக் கருவூலத்தைச் சர்வரின் நகல் பெட்டகத்தில் வைத்துவிட்டு, பழைய உலகத்தைத் துடைத்துப் புதியதைத் தொடங்கினான். அன்றைக்கே அக்காவுக்கு போன் போட்டு, "திறந்தே பாத்துட்டேன்க்கா, வீடு அப்படியே இருக்கு," என்று பெருமையாகச் சொன்னான்.

தப்பு அந்தப் பெட்டகத்தில் இருந்தது. தினமும் விடியற்காலையில் ஒரு நகல் தானாகவே அதில் வந்து சேரும். ஏழுக்கு மேல் போனால், இருப்பதிலேயே பழையது அழிக்கப்படும். டிஸ்க் நிரம்பிவிடக் கூடாதே என்று ஜாக்கிரதை தன் கையாலேயே எழுதி வைத்த ஏற்பாடு. அந்த ஏற்பாட்டுக்குப் பட்டங்களைப் படிக்கத் தெரியாது. நித்தியக் கருவூலம், இருப்பதிலேயே பழையது.

மந்திரிசபை புத்துலகத்தில் வெற்றி ஊர்வலம் நடத்திக்கொண்டிருந்தபோது அது போய்விட்டது. அக்கா, "அம்மாவை வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தாச்சு, மத்தியானம் வர்றேன்" என்று சொன்ன அன்றுதான் ஜாக்கிரதை பெட்டகத்தைத் திறந்தான். ஏழு நகல்கள். ஏழிலும் புதிய உலகத்தின் புல்லும் மரமும், கொத்தனார் கால் வைக்காத ஆறும். அழிந்ததை மீட்கும் மென்பொருள்களை ஒவ்வொன்றாக ஓட்டினான். அந்த இடத்தின் மேல் எத்தனையோ முறை புது நகல்கள் எழுதப்பட்டிருந்தன. ஒன்றும் எழவில்லை.

பேரரசருக்கு விஷயம் தெரிந்ததும் செந்தமிழ் கழன்று விழுந்தது.

"டேய், என்னடா இப்படிப் பண்ணி வெச்சிருக்க? கடைக்கு வந்து கத்தப்போறாங்கடா! கஸ்டமர் இருக்கிற நேரம்!" பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார். "நகல் ஆய்வில் உள்ளதுன்னு சொல்லு. ஒரு விசாரணைக் குழு போட்டுடலாம்."

"எதுக்குக் குழு?" என்றார் தளபதி. "நாமளே ஒரு வீட்டைக் கட்டி, இதுதான்னு குடுத்துடுவோம். அந்தம்மா என்ன பாத்தாங்களா? நாலு சுவர், ரெண்டு ஜன்னல். சாயங்காலத்துக்குள்ள முடிச்சிடலாம்."

ஜாக்கிரதை மறுக்கவில்லை. எந்த மரத்தில் சுவர் வைப்பது என்று அவன் மனசு அதற்குள் கணக்குப் போட ஆரம்பித்திருந்தது. அப்போதுதான் அக்கா, கமோடுகளுக்கு நடுவே வழி கேட்டுக்கொண்டு, லேப்டாப் பையைத் தோளில் மாட்டியபடி உள்ளே வந்தாள்.

"அம்மணி, தங்கள் தம்பியின் படைப்பு எமது பேரரசின்..." என்று ஆரம்பித்தார் பேரரசர்.

"இல்லக்கா," என்றான் ஜாக்கிரதை. "போயிடுச்சு. என்னோட தப்புதான்."

அவள் கத்தவில்லை. பேரரசர் அதற்கே பெருமூச்சு விட்டார்.

"இன்னொரு நகல்?"

"இல்லக்கா."

"எங்கேயுமே?"

தலையாட்டினான். அவள் பையைக் கழற்றிக் கீழே வைத்தாள், மறுபடி எடுத்து மாட்டிக்கொண்டாள்.

"நீ திறந்து பாத்தேன்னு சொன்னியே?"

"பாத்தேன்."

"அப்ப வா. நீயே வந்து அம்மாகிட்ட சொல்லு. கண்ணால பாத்தவன் நீ ஒருத்தன்தானே இருக்க."

அம்மா ஜன்னலோரக் கட்டிலில் சாய்ந்திருந்தாள். ஆஸ்பத்திரியில் முடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள். நகல் போன விஷயத்தை அக்கா இரண்டே வார்த்தையில் சொல்லிவிட்டு, "இவரு அந்த வீட்டைப் பாத்தவரும்மா," என்று நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

அம்மா அவனை உற்றுப் பார்த்தாள். "படி வெச்சிருந்தானா?"

"இல்லம்மா. படியே கிடையாது. வாசல் தரையோட தரையா இருந்துச்சு. கதவும் நல்ல அகலம்."

"சொன்னபடி செஞ்சிருக்கான்." அவள் முகம் கொஞ்சம் இளகியது. "எனக்குன்னு ஒரு ரூம் வெச்சிருக்கேன்னான். என்னமோ செஞ்சு வெச்சிருக்கேன், வந்து பாருன்னான். என்னப்பா வெச்சிருந்தான்?"

எதைச் சொன்னாலும் செல்லும். சரிபார்க்க உலகத்தில் ஒரு நகலும் இல்லை. ஜன்னல் என்று சொல்லலாம், பூந்தொட்டி என்று சொல்லலாம். வாயைத் திறந்தான்.

"வாசல் வரைக்கும்தாம்மா போனேன். நகல் திறக்குதான்னு பாக்கத்தான் திறந்தேன். திறந்துச்சு. உடனே மூடிட்டேன்."



"உள்ள போயிருக்கலாமே தம்பி," என்றாள் அம்மா.

அவனுக்காகத் தண்ணீர் கொண்டுவந்த அக்கா, டம்ளரைக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.