மடுவின் சூடு

கழிமுகத்தில் முழங்கால் தண்ணீரில் ஐந்து பேர் அசையாமல் நிற்கிறோம், ஐந்து பேர்தானா என்று இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை, என் நினைவை நான் அவ்வளவாக நம்புவதில்லை, தேசம்மா எனக்கு இடதுபக்கம் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நிற்பதாகவே எப்போதும் தெரிகிறது, ஆனால் எடுத்த படத்தை ஓட்டிப் பார்த்தால் அவள் படகில் உட்கார்ந்திருக்கிறாள், நிற்பது அவள் கணவர் துரைக்கண்ணு, தலையில் துண்டு, கையில் துடுப்பு. ஃபெலிக்ஸ் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கண்களை மூடியிருக்கிறான், அசையாதீங்க என்று சொல்லிவிட்டான், அவன்தான் என் எல்லாப் படங்களுக்கும் ஒலிப்பதிவு, எந்த இடத்தில் எடுத்தாலும் கிளம்பும் முன் அந்த இடத்தின் வெறும் சத்தத்தை ஒரு நிமிடம் பிடித்துக்கொள்வான், பின்னால் பேச்சுக்கும் பேச்சுக்கும் நடுவே விழும் ஓட்டைகளை அந்த வெறுமையைக் கொண்டுதான் அடைப்போம். தேசம்மாவால் பொறுக்க முடியவில்லை, இன்னா சார், யாரு பூட்டாங்கன்னு இப்டி நிக்கிறீங்க என்கிறாள், சும்மா இருமே, சத்தம் புடிக்கிறாங்கோ என்று துரைக்கண்ணு அதட்டுகிறார், இன்னா சத்தம்யா, ஒண்ணுமே இல்லாததப் போயி புடிப்பாங்களா, நாளிக்கி என் கொறட்டயப் புடிக்கச் சொல்லு என்கிறாள், நான் சிரித்துவிட்டேன், ஃபெலிக்ஸ் மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தான். மார்கழிக் காற்று கையில் மயிர்க்கால்களை எழுப்பியது, தண்ணீர் மட்டும் கதகதப்பாக இருந்தது, வெளியே வர மனம் இல்லை, இந்த மடு மட்டும் கொஞ்ச நாளா இப்டித்தான் தம்பி, என் கால்வலிக்கி நல்லாக்கீது என்று துரைக்கண்ணு மெல்லச் சொன்னார், அந்தக் குரலும் பதிவில் இருக்கிறது, அதற்குக் கீழே, அதற்கும் கீழே, சன்னமாக ஒன்று சீறுகிறது.

அது கழிமுகத்து மீனவர் சங்கத்துக்காக எடுத்த படம், ஊருக்கு வடக்கே இருந்த ஆலை நிலக்கரியை எரித்து மிஞ்சிய சாம்பலைச் சூடு ஆறுமுன் தண்ணீரில் கரைத்துக் குழாயில் அனுப்பும், சேற்றுக்கு அடியில் அந்தக் குழாய் எந்த வழியாகப் போகிறது என்று யாருக்கும் சரியாகத் தெரியாது, இறால் குறைந்துவிட்டது, பிடிபடுகிற நண்டின் ஓட்டில் சாம்பல் படிந்திருக்கிறது, தேசம்மா கேமராவைப் பார்த்து அதைச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். எடிட்டிங்கில் ஃபெலிக்ஸ், கீழ ஏதோ ஓடுதுடே, கேக்குதா என்றான், தூரத்தில் ஜெனரேட்டராக இருக்கும், சுத்தம் பண்ணிடு என்றேன், அவன் சுத்தம் பண்ணினான், தேசம்மாவின் குரல் கண்ணாடி மாதிரி வந்தது, பார்த்தவர்கள் எல்லாரும் அதைத்தான் பாராட்டினார்கள். சுத்தம் பண்ணாத பதிவை யுகன் கேட்டான், அவன் பாட்டு எழுதிப் பாடுகிறவன், அவனுடைய பாட்டுக்கு அதே கழிமுகத்தில் ஆளில்லாத படகு மிதப்பதை எடுத்துக்கொண்டிருந்தேன், இது மழையா என்று கேட்டான், இல்லை என்றேன், என்னவா இருந்தா என்ன, இதுலதான் பாட்டு தொடங்கணும் என்று அந்தச் சீறலை உயர்த்தி முதலில் வைத்தான், அவன் குரல் வருமுன் அது வரும், அப்படி வருவது அவனுக்குப் பிடித்திருந்தது, எனக்கும் பிடித்திருந்தது என்றுதான் நினைக்கிறேன். இதற்கெல்லாம் நடுவே அம்மாவைப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன், யாரும் கேட்காமல் எனக்காக எடுத்த படம், அம்மா அதிகம் பேசுகிறவள் அல்ல, ஜன்னலோரம் உட்கார்ந்து பாகற்காய் நறுக்குவாள், ஃபெலிக்ஸ் அந்த அறையின் நிமிடத்தையும் பிடித்தான், சும்மா இருக்கறதுக்குக்கூட ஆள் வச்சுப் படம் புடிக்கிறியேடா என்று அம்மா சிரித்தாள், மௌனம் என்றால் காலி என்றே நான் அதுவரை நம்பியிருந்தேன்.

சங்கத்துப் படத்தை ஊரில் போட்டோம், மண்டபத்துச் சுவரில் வெள்ளை வேட்டி, திருவிழாவுக்கு எடுக்கும் ஒலிபெருக்கிகள், விளக்கு வைக்கும் நேரம், துரைக்கண்ணு திரையில் தன்னைப் பார்த்து, அந்தாளு யாருமே, கெயவனாக்கீறான் என்றார், அந்தக் கெயவனுக்குத்தான்யா நான் கயுத்த நீட்னேன் என்றாள் தேசம்மா, கூட்டம் சிரித்தது, அந்தச் சிரிப்பின் சூட்டில்தான் யுகனின் பாட்டையும் போடு என்றேன். சீறல் மண்டபம் முழுக்க வந்தது. சிரித்துக்கொண்டிருந்தவர்களில் துரைக்கண்ணு மட்டும் எழுந்து நிற்கிறார், இப்போதும் நிற்கிறார், திரை வெளிச்சம் முகத்தில் விழுந்து சாம்பல் நிறமாக, இது எந்த எடத்துல புடிச்சது என்று கேட்கிறார், நாம நின்னோமே அண்ணே, அந்த மடு என்கிறான் ஃபெலிக்ஸ், அவர் ஒலிபெருக்கிப் பக்கம் காதைத் திருப்பிக் கேட்டுவிட்டு, சாம்பக் கொயா ஒடஞ்சிகீதுபா, நம்ம காலுக்குக் கீயதான் போவுது, பசங்க நண்டு தேட்ற எடம் என்றார்.

சங்கத்துக்காரர்கள் ஆலையில் போய்ச் சொன்னார்கள், பாட்டில் கேட்டதற்கெல்லாம் சேற்றைத் தோண்ட முடியாது, இடத்தைக் காட்டுங்கள் என்று ஆலைக்காரர்கள் திருப்பி அனுப்பிவிட்டார்கள், கேமராவில் எடுத்துக் காட்டினால் மறுக்க முடியாது என்று முடிவாயிற்று, சனிக்கிழமை வருகிறேன் என்றேன். வெள்ளிக்கிழமை துரைக்கண்ணு போன் செய்தார், அம்மா வீட்டு மாடியில் நின்று பேசினேன், துணி காய்ந்துகொண்டிருந்தது, அடையாளத்துக்கு ஒரு கழி நட்டு வைத்தால் நல்லது என்று பேச்சு வந்தது, அதை நான் சொன்னேனா அவர் சொன்னாரா, எத்தனையோ முறை அந்த மாடிக்குப் போய்ப் பார்த்துவிட்டேன், சில நாள் என் குரலில் கேட்கிறது, தண்ணி ஏறிடுச்சின்னா எடம் தெரியாதுண்ணே, ஏதாவது நட்டு வைங்க, சில நாள் அவர் குரலில், நீ வர்றதுக்குள்ள ஒரு கயி நட்டுட்றேன் தம்பி, கேமராக்குத் தேட வேணாம்ல, ஃபெலிக்ஸிடம் கேட்டேன், எனக்கு எப்படித் தெரியும் என்றான், ஊரில் உள்ள வெறுமையையெல்லாம் பிடித்து வைத்திருந்தோம், அந்தப் பேச்சு எங்கும் பதிவாகவில்லை.

சனிக்கிழமை காலை நாங்கள் போய்ச் சேருமுன் அவர் தனியாகப் படகை ஓட்டிப் போயிருந்தார், மூங்கில் கழியைச் சேற்றில் குத்தி உடம்பு பாரம் முழுக்கக் கொடுத்து அழுத்தியிருக்கிறார், மடு வாயைத் திறந்துகொண்டது என்று கரையோரத் தண்ணீரில் கையால் தடவி இறால் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் சொன்னார்கள், கொதிக்கும் சாம்பல் தண்ணீர் படகுக்கு மேலே எழும்பியதாம், இழுத்துக்கொண்டு வந்தபோது மூச்சு இருந்தது, ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன் இல்லை. கழி மட்டும் நட்ட இடத்தில் கொஞ்சம் சாய்ந்து நின்றது, கேமராவுக்குத் தேட வேண்டியிருக்கவில்லை.

மறுநாள் ஆலையிலிருந்து ஆள் வந்து, குழாயை அடைத்துவிட்டோம், பயம் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனான். பாடை கரையோரமாகப் போனது, பெண்கள் தெருமுனையோடு நின்றுவிட வேண்டும், தேசம்மா நிற்கவில்லை, விறுவிறுவென்று தண்ணீரில் இறங்கினாள், உயிரை விடப் போகிறாள் என்று கத்திக்கொண்டு பின்னால் ஓடினோம், மேளக்காரர்கள் மேளத்தோடு ஓடிவந்தார்கள், முழங்கால் தண்ணீரில் அவள் திரும்பிக் கையை உயர்த்தினாள். அசையாதீங்க என்றாள். மேளம் நின்றது. அழுகை நின்றது. பாடையைச் சுமந்தவர்கள் கரையிலேயே நின்றார்கள், ஃபெலிக்ஸ் ஹெட்போன் இல்லாமலே கண்களை மூடிக்கொண்டான், ஊரே தண்ணீரில் நின்றது, இந்த முறை அவள் என் இடதுபக்கம் இருந்தாள், இது நினைவுப் பிசகு அல்ல, குனிந்து காதைத் தண்ணீருக்கு அருகே கொண்டுபோனாள், வெகுநேரம் அப்படியே இருந்தாள், பிறகு, கேக்குதா சார் என்றாள். கேட்டது. சாய்ந்த கழியின் பக்கம் அல்ல, இன்னும் தெற்கே, பிள்ளைகள் குதிக்கும் படித்துறைப் பக்கம். புள்ளிங்கள இந்தப் பக்கம் உடாதீங்க என்று கரையைப் பார்த்துச் சொல்லிவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு, உம், தூக்குங்க என்றாள்.

துரைக்கண்ணுவை அன்று மாலைக்குள் அடக்கம் செய்தார்கள். யுகன் பாட்டின் தொடக்கத்தை வெட்டிவிட்டான், வெட்டாத பாட்டு இன்னும் எல்லாருடைய போனிலும் இருக்கிறது. ஃபெலிக்ஸ் கல்யாண வீடியோக்களுக்குப் போய்விட்டான், அங்கே யாரும் சும்மா நிற்பதில்லை. அம்மாவின் படத்தை நான் முடிக்கவில்லை, அம்மா இருக்கிறாள். தேசம்மா படகை விற்றுவிட்டுப் படித்துறையில் மீன் கூடையோடு உட்கார்ந்திருக்கிறாள், இறங்க வரும் பிள்ளைகளை விரட்டுகிறாள். ஆலை ஓடுகிறது. தெற்கேயும் இப்போது தண்ணீர் கதகதப்பாக இருக்கிறது.